மேசைக்கு அந்தப் பக்கம்

2025 மே 8, வியாழக்கிழமை இரவு. உலகின் மிகப் பெரிய நூலகங்களுள் ஒன்றின் தலைவருக்கு வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டே வாக்கியங்கள். உங்கள் பதவி இந்த நிமிடத்தோடு முடிகிறது என்றது முதல் வாக்கியம். உங்கள் பணிக்கு நன்றி என்றது இரண்டாவது. மரியாதைக்கு ஒரு 'முனைவர்'கூட இல்லாமல் வெறும் முதல் பெயரைச் சொல்லித் தொடங்கிய அந்த மின்னஞ்சலைப் பெற்றவர் கார்லா ஹேடன்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் 14-வது தலைவர் அவர். 1800-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 216 ஆண்டுகளுக்குப் பிறகு தலைமை நாற்காலியில் அமர்ந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். நூலகவியலில் முறையாகப் படித்து, கிளை நூலகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி வந்தவர். பத்தாண்டுப் பதவிக்காலத்தில் ஓராண்டுக்கு மேல் மிச்சமிருந்தது. அவர் பன்முகத்தன்மையின் பெயரால் செய்த காரியங்கள் கவலை தருவதாகவும், குழந்தைகளுக்குத் தகாத புத்தகங்களை நூலகத்தில் வைத்ததாகவும் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் மறுநாள் காரணம் சொன்னார். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஆய்வாளர்களுக்கான நூலகம். குழந்தைகளுக்குப் புத்தகம் இரவல் கொடுக்கும் இடமே அல்ல.

ஹேடன் வாஷிங்டன் போகும் முன் 23 ஆண்டுகள் பால்டிமோர் நகரத்தின் ஈனாக் பிராட் இலவச நூலகத்துக்குத் தலைவராக இருந்தார். அந்த நூலகத்தின் பெயரைக் கேட்டாலே எனக்கு லூயிஸ் கெர் என்ற பெண்மணியின் நினைவு வரும்.

1940-களின் தொடக்கம். பிராட் நூலகம் தனக்கு வேண்டிய நூலக உதவியாளர்களைத் தானே பயிற்சி கொடுத்து உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பயிற்சி வகுப்புக்கு கெர் விண்ணப்பித்தார். பால்டிமோர்வாசி. அந்த நகரத்தின் பள்ளிகளிலேயே படித்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்து, தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவமும் உண்டு. தகுதியில் குறை இருப்பதாக நூலகமே சொல்லவில்லை. ஆனால் கறுப்பினத்தவரைப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பதில்லை என்பது அறங்காவலர் குழுவின் முடிவு.

இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. பிராட் நூலகம் கறுப்பின வாசகர்களுக்குக் கதவை மூடிய நூலகம் அல்ல. 1882-ல் நகரத்துக்குப் பெருங்கொடை அளித்த வணிகர் ஈனாக் பிராட், பணக்காரர் ஏழை என்றோ, இனம் நிறம் என்றோ பேதம் பார்க்காமல் எல்லோருக்கும் இது பொதுவாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். 1886-ல் திறந்த நாளிலிருந்தே கறுப்பின மக்கள் அங்கே வந்து படித்தார்கள். தெற்கு மாநிலங்களில் பல நூலகங்கள் அவர்களை வாசற்படி ஏறவே விடாத காலத்தில் இது பெரிய காரியம்தான். ஆனாலும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று புத்தகம் கேட்கலாம், அந்தப் பக்கம் நின்று புத்தகம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கறுப்பினத்தவர் மிகுதியாக வந்துபோகும் கிளையில் மட்டும் ஒரு சில பணியிடங்கள், அவ்வளவே. மற்ற இடங்களில் நியமித்தால் வெள்ளை ஊழியர்களுக்கும் வாசகர்களுக்கும் பிடிக்காது, நூலகத்தின் பணி கெடும் என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள்.

கெர் தரப்பில் வழக்காடியவர் சார்லஸ் ஹூஸ்டன். பள்ளிகளில் இனப் பிரிவினையை உடைத்த பிற்கால வழக்குகளுக்கெல்லாம் அடித்தளம் போட்ட வழக்கறிஞர். இது தனியார் அறக்கட்டளை, அரசியல் சட்டம் கட்டுப்படுத்தாது என்று மாவட்ட நீதிமன்றம் 1944-ல் கைவிரித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. நூலகம் ஓடுவதே நகராட்சிப் பணத்தில்தான். வரிப் பணத்தில் நடக்கும் இடம், வாசகருக்குப் பிடிக்காது என்று சொல்லி ஒருவரை நிறம் பார்த்துத் தள்ள முடியாது என்று 1945 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

அந்தத் தீர்ப்பு வந்து 48 ஆண்டுகள் கழித்து, 1993-ல், அதே நூலகத்தின் தலைவர் நாற்காலியில் கார்லா ஹேடன் அமர்ந்தார்.

பயிற்சி வகுப்பு என்னும் வாசல்

கெர் கேட்டது வேலைகூட இல்லை, பயிற்சி வகுப்பில் ஓர் இடம். அமெரிக்க நூலகங்களில் இனப் பாகுபாடு என்றதும் 'வெள்ளையர் மட்டும்' என்ற பலகைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தொழிலுக்குள் நுழையும் வாசல் எப்போதுமே வேறு இடத்தில் இருந்திருக்கிறது. யாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதிலேயே யாருக்கு வேலை என்பது முடிவாகிவிடும்.

அமெரிக்காவின் முதல் நூலகப் பள்ளியை 1887-ல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் தொடங்கியவர் மெல்வில் டூயி. நம் நூலகங்களிலும் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் தசம எண்களுக்குச் சொந்தக்காரர். முதல் வகுப்பின் 20 பேரில் 17 பேர் பெண்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சல். ஆனால் அதே டூயி நடத்திய லேக் பிளாசிட் மனமகிழ் மன்றத்தில் யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் உறுப்பினராக இடமில்லை. அதனால் எழுந்த எதிர்ப்பில் நியூயார்க் மாநில நூலகர் பதவியை விட்டு அவர் விலக நேர்ந்தது. அவர் பெயரால் வழங்கிவந்த பதக்கத்திலிருந்து அமெரிக்க நூலகச் சங்கம் அந்தப் பெயரை நீக்கியது 2019-ல்தான். தொழிலுக்கு இலக்கணம் எழுதியவரின் வீட்டு வாசலே இப்படி இருந்தது.

ஆகவே கறுப்பினத்தவர் தங்களுக்கான வாசலைத் தாங்களே வெட்ட வேண்டியிருந்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1905-ல் ஒரு வாடகை வீட்டின் மூன்று அறைகளில் ஒரு கிளை நூலகம் தொடங்கியது. அதன் பொறுப்பாளர் தாமஸ் ஃபவுன்டன் புளூ. மதபோதகராகப் படித்தவர், நூலகப் பள்ளியின் படியை மிதித்ததில்லை. மூன்றாண்டில் கொடையாளர் கார்னகியின் பணத்தில் சொந்தக் கட்டடம் எழுந்தது. கறுப்பின மக்களுக்காக, முழுக்கக் கறுப்பின ஊழியர்களே நடத்திய நூலகம். ஊழியர்களுக்கு எங்கே போவது? புளூ தானே ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார். தென் மாநில நகரங்களிலிருந்து இளம் பெண்கள் லூயிவிலுக்கு ரயிலேறி வந்து கற்றுக்கொண்டு போனார்கள். பல ஆண்டுகள் தெற்கில் அவர்களுக்கு வேறு இடமே இருக்கவில்லை.

1925-ல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் கறுப்பின மாணவர்களுக்கான முதல் நூலகப் பள்ளி வந்தது. 1939-ல் மூடப்பட்டது. 1941-ல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அடுத்தது தொடங்கியது. அதன் முதல் தலைவர் எலைசா அட்கின்ஸ் கிளீசன், நூலகவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். அவருக்குப் பின் வர்ஜீனியா லேசி ஜோன்ஸ் 36 ஆண்டுகள் அந்தப் பள்ளியைக் கட்டிக்காத்தார். அமெரிக்க நூலகங்களில் அன்று பணியாற்றிய கறுப்பின நூலகர்களில் பெரும்பங்கினர் அவர் கைபட்டு வந்தவர்கள். அந்தப் பள்ளியும் 2005-ல் மூடப்பட்டது. இன்று கறுப்பினத்தவருக்காக உருவான உயர்கல்வி நிறுவனங்களில், நூலகச் சங்கத்தின் அங்கீகாரத்தோடு நூலக முதுகலைப் பட்டம் தருவது வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுதான்.

வடக்கே நியூயார்க்கில் நிலைமை வேறு மாதிரி. பலகை கிடையாது, புன்னகையோடு நடந்தது. சிகாகோவிலிருந்து வந்த ரெஜினா ஆண்டர்சன் 1923-ல் நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் இனம் என்று கேட்ட இடத்தில் 'அமெரிக்கர்' என்று எழுதினார். உங்கள் நிறத்துக்கு நீங்கள் அப்படி எழுத முடியாது என்று நேர்காணல் செய்தவர் திருத்தினார். வேலை கிடைத்தது, ஹார்லெமில். கறுப்பினத்தவர் வாழும் பகுதி என்பதால் அங்கே. அதே ஹார்லெம் கிளையை எழுத்தாளர்களும் கலைஞர்களும் கூடும் இடமாக மாற்றியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் பதவி உயர்வு என்று வந்தபோது வாசல் சாத்தியிருந்தது. டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் போன்ற பெருந்தலைவர் கடிதம் எழுதிப் போராட வேண்டியிருந்தது. 1938-ல்தான் அவர் ஒரு கிளையின் பொறுப்புக்கு வந்தார்.

அமெரிக்க நூலகச் சங்கத்தின் கதையும் சளைத்ததல்ல. 1936-ல் ரிச்மண்ட் நகரில் நடந்த மாநாட்டுக்கு வந்த கறுப்பினப் பிரதிநிதிகள் தனியாக ஒதுக்கிய இருக்கைகளில் அமர வேண்டும். மாநாட்டு ஓட்டலில் தங்கவோ, சாப்பாட்டோடு நடக்கும் கூட்டங்களில் கலந்துகொள்ளவோ கூடாது. ஊரெல்லாம் கண்டனம் எழுந்த பிறகே, இனி அப்படிப்பட்ட இடங்களில் மாநாடு இல்லை என்று சங்கம் முடிவெடுத்தது. அதன் பிறகும் தென் மாநிலச் சங்கங்கள் பலவும் கறுப்பின நூலகர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1964-ல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில், அப்படி ஒதுக்கிவைத்திருந்த மிசிசிப்பி மாநிலச் சங்கத்துக்குப் பாராட்டு அறிவித்தார்கள். சவானா மாநிலக் கல்லூரி நூலகர் ஈ.ஜே. ஜோசி எழுந்து நின்றார். பிரிவினை பார்க்கும் மாநிலச் சங்கங்களின் கூட்டங்களுக்கு தேசியச் சங்கத்தின் நிர்வாகிகள் போகக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவையில் நிறைவேறியது. மறு ஆண்டு ஜார்ஜியா நூலகச் சங்கம் ஏற்றுக்கொண்ட முதல் கறுப்பின உறுப்பினர் ஜோசிதான். 1970-ல் கறுப்பின நூலகர்களுக்கென்று சங்கத்துக்குள்ளேயே தனி அமைப்பு கண்டார். 1984-ல் தேசியச் சங்கத்துக்கே தலைவரானார்.

326 என்னும் எண்

யார் நூலகராக இருந்தால் என்ன, புத்தகம் அதேதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு டோரத்தி போர்ட்டரின் மேசையைக் காட்ட வேண்டும்.

1930 வாக்கில் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின எழுத்துகளின் தொகுப்பு ஒன்றை ஒழுங்குபடுத்தும் வேலை அவரிடம் வந்தது. மற்ற நூலகங்கள் இந்தப் புத்தகங்களுக்கு என்ன எண் போட்டிருக்கின்றன என்று பார்த்தார். டூயியின் வரிசையில் 325 என்றால் குடியேற்றம். 326 என்றால் அடிமைமுறை. கறுப்பினத்தவர் எழுதியது எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்குள் தள்ளிவைத்திருந்தார்கள். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதை நூலும் அங்கேதான். அமெரிக்கக் கவிதைக்கு என்று 811 இருக்கிறது. ஆனால் கவிஞர் கறுப்பர் என்பதால் கவிதையும் கவிதையாக இல்லாமல் போயிற்று.

எந்த நூலகரும் குரோதத்தோடு உட்கார்ந்து இதைச் செய்திருக்க மாட்டார். அட்டவணையைப் பார்த்து எண் போட்டிருப்பார். அந்த எண்ணில் ஏதோ கோணல் இருக்கிறது என்று தோன்றுவதற்கு, அந்த அறையில் வேறு ஒருவர் இருந்திருக்க வேண்டும். போர்ட்டர் அந்த எண்களை ஒதுக்கினார். கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்தார். வாங்கப் பணம் இல்லாதபோது பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் எழுதிக் கேட்டுப் புத்தகம் சேர்த்தார். 43 ஆண்டுகள் அதே இடத்தில் இருந்து 1973-ல் ஓய்வுபெற்றபோது, கறுப்பின வரலாற்றை எழுத வரும் எவரும் அவர் அடுக்கிய அலமாரிக்கு வராமல் தீராது என்ற நிலை இருந்தது. ஒரே ஒரு நியமனம் செய்த வேலை இது.

நம் இடத்துக்குச் சரிப்பட்டு வருவாரா?

சட்டங்கள் மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பலகைகளும் இல்லை. இனி எண்களைப் பார்ப்போம். 2009-10 தரவுகளை வைத்து அமெரிக்க நூலகச் சங்கம் எடுத்த கணக்கில், பட்டம் பெற்ற நூலகர்கள் 1,18,666 பேர். அவர்களில் 88 சதவீதம் வெள்ளையர். கறுப்பினத்தவர் 6,160 பேர். அதில் ஆண்கள் எத்தனை பேர் தெரியுமா? நாடு முழுவதற்கும் 563 பேர். நூலகத்துக்குப் போகும் ஒரு கறுப்பினச் சிறுவன், தன்னைப் போன்ற ஓர் ஆணை அந்த மேசைக்குப் பின்னால் பார்க்காமலே வளர்ந்துவிடும் வாய்ப்புதான் அதிகம். 2017-ல் சங்கம் தன் உறுப்பினர்களைக் கணக்கெடுத்தபோதும் வெள்ளையர் பங்கு 86.7 சதவீதமாகவே இருந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டு மக்களில் ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் 58 சதவீதம்தான்.

நூலகக் கட்டடத்துக்குள் நுழைந்தால் இந்தக் கணக்கு உடனே கண்ணில் படாது. புத்தகம் அடுக்குபவர், இரவல் பதிபவர், காவலர், துப்புரவுப் பணியாளர் என்று பல நிறத்தவரும் இருப்பார்கள். ஆனால் அங்கே 'நூலகர்' என்பது தனிப் பதவி. அதற்குச் சங்கம் அங்கீகரித்த முதுகலைப் பட்டம் வேண்டும். இளங்கலைக் கடனே முடியாதவருக்கு இன்னொரு படிப்பு, இன்னொரு கடன். படிக்கும்போதே அனுபவமும் வேண்டும். அந்த அனுபவத்தை ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப்பில் பெறச் சொல்வார்கள். மாலையில் வேலைக்குப் போனால்தான் வீட்டு வாடகை கட்ட முடியும் என்பவர் சம்பளமில்லாமல் ஆறு மாதம் எப்படி உழைப்பார்? இத்தனையும் தாண்டி வந்தால் கிடைக்கும் நடுத்தரச் சம்பளம் 2023 கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 64,000 டாலர். முதுகலை கேட்கும் வேலைக்கு அந்த நாட்டில் இது தாராளமான தொகை அல்ல. வீட்டில் வசதி இருந்தால் தாங்கும். அமெரிக்காவில் தலைமுறைச் சொத்து எந்த நிறத்தவரிடம் அதிகம் சேர்ந்திருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம்.

பிறகு நேர்காணல். பல்கலைக்கழக நூலக வேலை என்றால் அது அரை மணி நேரத்தில் முடியாது. முதல் நாள் இரவு தேர்வுக் குழுவோடு விருந்து. மறுநாள் காலை முதல் மாலை வரை ஒவ்வொரு பிரிவினரோடும் சந்திப்பு, எல்லோர் முன்னிலையிலும் ஓர் உரை, நடுவே மதியச் சாப்பாடு. பயணச் செலவைக் கைக்காசு போட்டுவிட்டு அப்புறம் பெற்றுக்கொள்ளச் சொல்லும் இடங்களும் உண்டு. முள்கரண்டி பிடிப்பதிலிருந்து விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்ற பேச்சு வரை எல்லாமே தேர்வுதான். யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைசியில் குழு கூடும்போது தகுதியைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. நம் இடத்துக்குச் சரிப்பட்டு வருவாரா என்ற கேள்விதான் மிஞ்சும். வேலைக்கு ஆள் எடுக்கும் அறைகளில் இந்தக் கேள்வியை நாமும் கேட்டிருக்கிறோம். அதற்குள் எதையெல்லாம் ஒளித்துவைக்கலாம் என்று நமக்கும் தெரியும்.

ஆஞ்சலா கால்வன் என்ற நூலகர் 2015-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தக் கேள்வியைத்தான் பிரித்துப் போட்டது. அதே ஆண்டு, அதே இணைய இதழில், வழக்கறிஞராக இருந்து நூலகரான ஏப்ரல் ஹாத்காக் இன்னும் கசப்பான உண்மையைச் சொன்னார். பன்முகத்தன்மைக்கென்று வைத்திருக்கும் உதவித்திட்டங்களின் விண்ணப்பங்களே வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் பழக்கவழக்கம் தெரிந்தவரைத்தான் தேர்ந்தெடுக்கின்றன என்றார். நல்ல மதிப்பெண், நல்ல சிபாரிசுக் கடிதம், அவர்களுக்குப் பிடித்த தொனியில் ஒரு கட்டுரை. உள்ளே வந்த பிறகும் அதே தொனியைக் கடைசி வரை காப்பாற்ற வேண்டும். அது முடியாமல் வெளியேறுகிறவர்களை எந்தத் திட்டமும் எண்ணுவதில்லை.

அதற்காக அந்தத் திட்டங்களை நான் தள்ளிவிட மாட்டேன். 1997-ல் சங்கம் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் உதவித்தொகை இல்லாவிட்டால், இன்று அந்தத் தொழிலில் இருக்கும் நூற்றுக்கணக்கானோர் படிப்பையே தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் உதவித்தொகை கதவு வரைதான் கொண்டுவிடும். கதவைத் திறப்பவர் உள்ளே இருப்பவர். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: முதலில் வேலைக்கு எடுங்கள், பிறகு படிக்க வையுங்கள்.

இது என் கற்பனை இல்லை. கார்லா ஹேடன் வந்த வழியே அதுதான். 1973-ல் பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த அவர், நேர்காணல்களுக்கு நடுவே சிகாகோ பொது நூலகத்தில் வந்து உட்கார்ந்திருப்பாராம். நூலகத்திலேயே ஆள் எடுக்கிறார்கள், பட்டம் இருந்தால் போதும் என்று உடன் படித்த ஒருவர் சொல்ல, விண்ணப்பித்தார். நகரின் தெற்குப் பகுதியில் ஒரு கடையறையில் நடந்த சிறு கிளைக்கு அனுப்பினார்கள். உள்ளே போனால், ஜீன்ஸ் அணிந்த ஓர் இளம் பெண் தரையில் உட்கார்ந்து, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வேலை பார்த்துக்கொண்டே நூலகவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தார். இது ஒரு தொழிலா, இதற்குப் படிப்பு உண்டா என்று ஹேடனுக்குத் தெரிந்ததே அப்போதுதான். பிறகு அவரும் வேலையில் இருந்தபடியே படித்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வரை போனார்.

நம் எஸ்.ஆர். ரங்கநாதன் கதையும் இதுவே அல்லவா? சீர்காழிக்காரர். கணிதப் பேராசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக எடுத்தபோது நூலகப் பயிற்சி என்று எதுவும் அவருக்குக் கிடையாது. வேலை கொடுத்த பிறகுதான் லண்டனுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். ஏழே ஆண்டில் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். இன்று அமெரிக்க நூலகப் பள்ளிகளில் அந்த ஐந்து விதிகளைப் படிக்காமல் யாரும் பட்டம் வாங்குவது அரிது. முதலில் பட்டத்தைக் காட்டு என்று சென்னையில் கேட்டிருந்தால் அந்த விதிகள் இல்லை.

இப்போது அமெரிக்காவில் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அரசுத் துறைகளின் பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் ஆணைகள் வந்தன. மார்ச்சில், நூலகங்களுக்கு மத்திய அரசின் நிதியைப் பகிர்ந்தளிக்கும் நிறுவனத்தையே சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுருக்கச் சொல்லி இன்னோர் ஆணை. புதிய நூலகர்களைத் தேடிப் பிடித்துப் படிக்கவைக்க 2003 முதல் நிதி கொடுத்துவந்தது அந்த நிறுவனம்தான். மே மாதம் ஹேடனுக்கு அந்த மின்னஞ்சல். ஜனவரி முதல் மே வரை, இவ்வளவும் ஐந்தே மாதங்களில். பயிற்சி வகுப்பின் கதவைச் சாத்துவதற்கு இப்போது பலகை எழுத வேண்டியதில்லை. நிதி ஒதுக்கீட்டில் ஒரு வரியை அடித்தால் போதும்.

பால்டிமோருக்கே திரும்புகிறேன். 2015 ஏப்ரல் மாதம். போலீஸ் காவலில் காயமடைந்து இறந்த ஃப்ரெடி கிரே என்ற இளைஞனின் அடக்கம் முடிந்த அன்று நகரம் பற்றி எரிந்தது. பென்சில்வேனியா அவென்யூவும் நார்த் அவென்யூவும் சந்திக்கும் முனையில்தான் கலவரத்தின் உச்சம். அங்கே ஒரு பக்கம் மருந்துக்கடை, அதற்கு எதிரே பிராட் நூலகத்தின் கிளை. மருந்துக்கடையைச் சூறையாடித் தீ வைத்தார்கள். நூலகத்தின் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மறுநாள் பள்ளிகள் மூடியிருந்தன, சுற்றுவட்டாரத்தில் கடைகளும் இல்லை. நூலகத்தை வழக்கம்போலத் திறப்பது என்று ஹேடன் முடிவெடுத்தார். ஊழியர்கள் வந்தார்கள், அவரும் வந்து நின்றார்.

தெருவில் கவச உடையில் போலீஸ் வரிசை. உள்ளே குழந்தைகளும் பத்திரிகையாளர்களும் அக்கம்பக்கத்தவரும். அன்று வந்தவர்களில் ஓர் இளைஞரும் இருந்தார். வீட்டில் இணைய வசதி இல்லாததால், வேலைக்கான விண்ணப்பத்தை நூலகக் கணினியில் நிரப்ப வந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.